செட் செய்த பின்

மே 19, திங்கள்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். பெரிய விஷயமில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்குள் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று நானே நம்பிவிடுவேன்.

மாலை ஐந்தரை மணிப் பதிவில், ‘செட் செய்த பின்’ என்ற கட்டத்தில், வெப்பமானியைப் பார்க்காமலே எண்ணை எழுதினேன்.

மூன்று மாதம் கழித்துப் படித்தாலும் எனக்குப் புரிய வேண்டும். அதனால் விவரமாக எழுதுகிறேன். எங்கள் வானிலை நிலையம் கிண்டியைத் தாண்டி ஒரு பாறைக் குன்றின் உச்சியில் இருக்கிறது. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். உச்சியில் உட்கார நிழல் கிடையாது. வெள்ளை அடித்த மரப்பெட்டி, அதற்குள் வெப்பமானிகள், பக்கத்தில் மழைமானி, காற்றுத் திசை காட்டும் கம்பம், அவ்வளவுதான். மின்விசிறியும் தண்ணீர்க் குடமும் உள்ள அறை அடிவாரத்தில். காலை எட்டரை, பதினொன்றரை, மதியம் இரண்டரை, மாலை ஐந்தரை என்று நாளைக்கு நான்கு தடவை ஏறி இறங்க வேண்டும். ஒரு நாள் நான், மறுநாள் தேசப்பன் அண்ணா. மலையில் இல்லாதவர் அன்றைக்கு அடையாறு அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒப்பந்த ஊழியர்கள். வருடா வருடம் மே கடைசியில் புதுப்பிப்பார்கள்.

பெட்டிக்குள் படுக்கை வாட்டில் இருக்கும் வெப்பமானிக்கு ‘மேக்ஸ்’ என்று பெயர். காய்ச்சல் பார்க்கும் கருவி போலத்தான். பாதரசம் ஏறிய இடத்திலேயே நிற்கும், தானாக இறங்காது. ஐந்தரைக்கு அன்றைய உச்சத்தைப் படித்துவிட்டு, அதை எடுத்து, கையை வீசி உதற வேண்டும். உதறினால் அப்போதைய வெப்பத்துக்கு இறங்கும். அதைத்தான் செட் செய்வது என்கிறோம். பிறகு மறுபடி பார்த்து, இறங்கிய எண்ணை ‘செட் செய்த பின்’ கட்டத்தில் எழுத வேண்டும். பக்கத்தில் நிற்கும் சாதாரண வெப்பமானியின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கும். எப்போதும் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் இன்று சாதாரண வெப்பமானியின் 36.2-ஐ அப்படியே அந்தக் கட்டத்திலும் எழுதிவிட்டேன்.

காரணம் களைப்பு. இது சாக்கு என்று தெரியும். இன்று கடல்காற்று வரவே இல்லை. மேற்கிலிருந்து மேல்காற்று பகல் முழுக்க அனலாக அடித்தது. உச்சம் 41.6. பதினொரு மணிக்கு மேல் படியின் இரும்புக் கைப்பிடியைத் தொட முடியவில்லை. மூன்றாவது ஏற்றத்தில் செருப்பின் அடிப்பாகம் இளகிப் பாறையில் ஒட்டி ஒட்டி வந்தது. கொண்டுபோன மோர் இரண்டு மணிக்கே புளித்துவிட்டது. ஏழு மணிக்கு மயிலாப்பூர் லஸ்ஸில் புள்ளியியல் வகுப்பு, போன வாரமே இரண்டு தடவை தாமதம். படி இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தேன், 5.41. ஓடினேன். பஸ் கிடைத்தது. வகுப்பில் பாதி நேரம் தூங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “மலைக்குப் போயிட்டு வந்த மூஞ்சியா இது? மலைன்னா குளிரணுமோன்னோ? நீ அடுப்புலேர்ந்து எறங்கி வந்தாப்ல இருக்கே” என்றாள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

மே 20, செவ்வாய்

இன்று அடையாறில். 1998-ஆம் ஆண்டின் மழைப் பதிவு, செப்டம்பர் வரை ஏற்றினேன். ஏசி ஓடியும் கண் எரிந்தது.

பதினொன்றே முக்காலுக்கு ஜன்னல் பக்கம் மரங்கள் அசைந்தன. கடல்காற்று இன்று சீக்கிரம் வந்துவிட்டது. மலையில் இருந்தால் இதைப் பார்க்காமலே சொல்லலாம். அதுவரை கடல் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய விமானங்கள் திடீரென்று எதிர்ப்பக்கமாக வந்து இறங்க ஆரம்பிக்கும். தேசப்பன் அண்ணா அதைத்தான் முதலில் பார்ப்பார். “பிளேனு ரூட்டு மாத்திட்ச்சு, இனிமே நம்ம பொழச்சோம்” என்பார்.

ஐந்தரை தாண்டி வகுப்புக்குக் கிளம்பும்போது போன் அதிர்ந்தது. அவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்று கேட்டேன். பின்னால் காற்று இரைந்தது.

“ஜானு, மேக்ஸு நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு காட்டுது. இன்னிக்கு அவ்ளோ அடிக்கலயே. நேத்து செட்டு பண்ணியா, இல்ல மறந்துகினு ஓடிட்டியா? சொன்னினா அதுக்குத் தக்க எழுதிக்கிறேன்.”

‘செட் பண்ணிட்டேன் அண்ணா’ என்று பதில் போட்டேன். மூன்று சொல். உடனே போட்டேன், யோசிக்கவில்லை. நேற்று பார்க்காமல் எழுதினேன் என்பது நினைவுக்கு வந்தது, ஆனால் உதறாமல் விட்டிருப்பேன் என்று தோன்றவில்லை. பார்க்காமல் விடுவது வேறு, உதறாமல் விடுவது வேறு. எட்டு மாதமாகக் கை தானாகச் செய்யும் வேலை அது.

ஒற்றைக் கட்டை விரல் உயர்த்திய படம் அனுப்பினார். எழுதிவிட்டார் என்று அர்த்தம்.

மே 21, புதன்

பதினொன்றரைப் பதிவுக்கு நான் ஏறிக்கொண்டிருந்தபோது கீழே ரகுபதி சாரின் கார் வந்து நின்றது. அவர்தான் எங்கள் நிலையப் பொறுப்பாளர். வருடத்துக்கு ஒரு முறைதான் மலை ஏறுவார். இன்று ஏறினார். நான்கு இடத்தில் நின்று நின்று வந்தார். உச்சிக்கு வந்ததும் பேச்சு வரவில்லை, கையை மட்டும் நீட்டினார். பதிவேட்டைக் கொடுத்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நேத்து தேசப்பன் உச்சம் நாப்பத்தொண்ணு ஆறுன்னு அனுப்பியிருக்கான். சுத்தி இருக்கற எந்த ஸ்டேஷன்லயும் முப்பத்தெட்டரை தாண்டல. முந்தின நாளும் அதே நாப்பத்தொண்ணு ஆறு. எப்படி வரும்?”

“வந்திருக்கலாம் சார்” என்றேன்.

“அவனே பதினொன்றரைக்கு முப்பத்தேழு ஒன்பது போட்டிருக்கான், ரெண்டரைக்கு முப்பத்தஞ்சு எட்டு. நடுவுல வந்து எகிறிட்டு எறங்கிடுச்சா? ஏறல, ஜானு. கீழ ஃபேன் அடியில உட்கார்ந்துக்கிட்டு மேல இருக்கற வரிய பார்த்து எழுதியிருக்கான்.”

“அண்ணா அப்படி...”

“முதல்ல நான் வேற மாதிரிதான் நினைச்சேன். நீ திங்கட்கிழமை செட் பண்ண மறந்திருப்பியோன்னு.” விரலை அந்தக் கட்டத்தில் வைத்தார். “இங்க பாரு, செட் செய்த பின் முப்பத்தாறு ரெண்டு. அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்க. உன் பக்கத்துல தப்பு வராதுன்னு எனக்குத் தெரியும். அவனுக்கு மார்ச்லயே ஒரு மெமோ இருக்கு, லேட்டா ஏறினதுக்கு. இது ரெண்டாவது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரின்யூவல் லிஸ்ட் டிரஸ்ட்டுக்கு அனுப்பறேன். அவன் பேர் இருக்காது.”

அந்த 36.2 நான் பார்த்து எழுதிய எண் இல்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உதறினேன் என்று எனக்கு நிச்சயம் இருந்ததால் அந்தக் கட்டம் முக்கியமில்லை என்று நினைத்தேன். இப்படி எழுதும்போதே இது எவ்வளவு மோசமான வாதம் என்று தெரிகிறது.

அவர் இறங்கிய பிறகு மதியம் முழுக்க அடிவார அறையில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினேன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஐம்பது நாள். அடுத்தடுத்த நாளில் ஒரே உச்சம் இதற்கு முன் மூன்று முறை வந்திருக்கிறது. அப்படியானால் நடக்கக் கூடியதுதான். அதை ஒரு தாளில் அழகாக எழுதினேன். பிறகு பெருங்குடி, மீனம்பாக்கம் நிலையங்களின் எண்களைப் போனில் தேடிப் பக்கத்தில் எழுதினேன். அந்த மூன்று முறையும் அங்கேயும் ஒரே மாதிரிதான் இருந்தன. இந்த முறை மட்டும்தான் இல்லை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஐந்தரை மணி. உச்சம் 39.0. எழுதினேன். கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியின் காலுக்குக் கீழே உள்ள சிமெண்ட் மேடையில் வைத்தேன். மேக்ஸை எடுத்து உதறினேன். இறங்கிய எண்ணைப் பார்த்தேன், எழுதினேன், பெட்டியைப் பூட்டினேன், இறங்கினேன். பத்தொன்பதாவது படியில் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. வழக்கம்போல் கடிகாரத்தை மேலேயே விட்டுவிட்டேன்.

திரும்பி ஏறினேன். நான்காவது படியில் நின்றுவிட்டேன்.

கையை வீசும்போது கடிகாரம் பெட்டியில் இடிக்கும். வேலையில் சேர்ந்த வாரமே கண்ணாடி கீறிவிட்டது. அதிலிருந்து உதறுவதற்கு முன் கழற்றாமல் இருந்ததில்லை. கழற்றினால் ஒரு நாளும் நினைவாக எடுத்துக் கட்டியதில்லை, மறந்து இறங்கி, மறுபடி ஏறித்தான் எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை படி இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தேன். 5.41. இந்த நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. கடிகாரம் கையில் இருந்தது. நான் கழற்றவில்லை.

நான் உதறவில்லை.

வகுப்புக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை.

மே 22, வியாழன்

காலை பத்து மணிக்கு ரகுபதி சார் அறை வாசலில் நின்றேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் நான்கு வரியாக்கி மனப்பாடம் செய்திருந்தேன்.

“வா ஜானு. நல்ல வேளை வந்த. லிஸ்ட்ல உன் பேருக்குப் பக்கத்துல பரிந்துரைன்னு எழுதப் போறேன். நீ படிக்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எக்ஸாம் முடிச்சா உன்னை நிரந்தரமாக்கலாம்னு டிரஸ்ட்லயே பேச்சு. 98 முடிஞ்சுதா?”

“அக்டோபர் ஆரம்பிச்சிருக்கேன் சார்.”

“குட். வேற ஏதாவது?”

“இல்ல சார்.”

என் இடத்துக்கு வந்து அக்டோபரை ஏற்றினேன். அந்த வருஷம் அக்டோபர் பதினேழாம் தேதி நல்ல மழை. யாரோ ஒருவர் நனைந்துகொண்டே மலை ஏறி அளந்து எழுதியிருக்கிறார். ஒரு எண்ணைத் தப்பாக எழுதி, அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியான எண்ணை எழுதி, தன் பெயரின் முதல் எழுத்துகளைப் பக்கத்தில் போட்டிருக்கிறார். எங்கள் பதிவேட்டில் அழிப்பான் கூடாது, மேலெழுதுவதும் கூடாது. தப்பு தெரியும்படிதான் திருத்த வேண்டும். சேர்ந்த முதல் நாள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட விதி. எட்டு மாதத்தில் என் பக்கங்களில் ஒரு கோடுகூட இல்லை. அதை நான் திறமை என்று நினைத்திருந்தேன்.

மூன்றரைக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தலைவலி உண்மைதான். மலை அடிவாரத்துக்கு நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தேசப்பன் அண்ணா அறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊரூர்குப்பத்துக்காரர். நாற்பத்தைந்து வயது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னா மயிலாப்பூர் மாமி, இன்னிக்கி உன் டூட்டி இல்லயே. வெயிலு பத்தலன்னு வந்தியா?”

“உங்களப் பாக்கத்தான் வந்தேன் அண்ணா.”

“பாத்துக்க. ரெண்டாவது மெமோ வாங்கின மூஞ்சி எப்டி கீதுன்னு பாத்துக்க. காலைல போன்ல சொல்ட்டாரு.” பைக்குள் தைலத்தை வைத்தார். “மெமோ குடுக்கட்டும் நைனா. ஏறலன்றாரு பாரு, அதான் பேஜாரா கீது. முட்டி தேங்கா மாதிரி வீங்கிகினு இருந்துச்சு. நாலு வாட்டி ஏறினேன். நாலு வாட்டி. கைப்பிடிய துணி சுத்திப் புட்ச்சிகினு.”

ஐந்தே கால். அவர் எழுந்தார், நானும் கூடவே ஏறினேன். பத்துப் படிக்கு ஒரு முறை நின்றார். வலது காலை முதலில் வைத்து, இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து, மறுபடி வலது காலை வைத்தார். நான் அவர் பின்னால் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். நூறாவது படி தாண்டியதும் சொன்னேன்.

“அண்ணா, திங்கக்கெழம நான் செட் பண்ணல.”

அவர் திரும்பவில்லை. “இன்னா?”

“மேக்ஸ உதறாமயே வந்துட்டேன். செட் செய்த பின் கட்டத்துல பக்கத்து எண்ணப் பாத்து எழுதிட்டேன். நீங்க கேட்டப்ப எனக்கு நெஜமாவே தெரியல. நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சுது.”

“நேத்து சாங்காலம்.”

“ஆமாம்.”

“நேத்து சாங்காலத்துலேர்ந்து இப்ப வரைக்கும் இன்னா பண்ணிகினு இருந்த?”

அவர் படியிலேயே உட்கார்ந்தார். கீழே விமான ஓடுபாதை பளபளத்தது. தூரத்தில் பெருங்குடி குப்பை மேட்டின் மேல் புகை ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“நா உன்ன கேட்டேன். கேட்டேனா இல்லியா? இந்த நம்பரு தப்புன்னு எனக்கு அங்க நிக்கசொல்லோவே தெரியும். கடலு காத்து எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நீ செட்டு பண்ணிட்டேன்னு சொன்ன. சரி, படிச்ச பொண்ணு, நோட்டு போட்டு எழுதுற பொண்ணு, அது சொன்னா சரியா இருக்கும்னு கண்ணுல பட்டத எழுதினேன். ஒரு குறிப்புகூட எழுதல. எழுதினா உன்ன மாட்டி வுட்ட மாதிரி ஆவுமேன்னு.”

“சார்கிட்ட நான் அனுப்பின மெசேஜ ஏன் காட்டல?”

“காட்டி? அந்தப் பொண்ணு பொய் சொல்லுச்சுன்னா? அவரு நம்பிடுவாரா?” கசப்பாகச் சிரித்தார். “என் தம்பி காசிமேட்டு லாஞ்சுல மீனு புடிக்கப் போறவன். தடைக் காலம். சூன் பாதி வரைக்கும் வூட்ல குந்திகினு கீறான். ரெண்டு வூடும் இப்ப என் ஒருத்தன் வேலைலதான் ஓடுது. உனுக்கு ஒரு கோடு போட்டா மார்க்கு கொறையும். எனக்குப் பேரே அடிபடுது.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து மீதிப் படிகளை ஏறினார். ஐந்தரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

பெட்டியைத் திறந்து படித்தார். ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதும் வழக்கமில்லை. பார்ப்பவரே எழுத வேண்டும். உச்சம் 38.7. உதறினார். “இங்க வா, இத்த பாரு” என்றார். பார்த்தேன். 34.1. அவரும் பார்த்து, எழுதினார். பிறகு பதிவேட்டை என்னிடம் நீட்டினார்.

“என்னாண்ட சொல்லி இன்னா பிரயோசனம்?”

மே 19-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். 36.2 மேல் ஒற்றைக் கோடு போட்டேன். கோடு கொஞ்சம் வளைந்தது. குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: ‘மேக்ஸ் செட் செய்யப்படவில்லை. எண் பார்க்காமல் எழுதப்பட்டது. 20-ஆம் தேதி உச்சம் 41.6 இதனால் வந்தது. அன்றைய பதிவாளர் தவறு இல்லை. கேட்டபோது செட் செய்ததாகத் தவறாகச் சொன்னேன்.’ என் முதலெழுத்தைப் போட்டேன். இன்றைய தேதி போட்டேன். கட்டம் போதாமல் ஓரத்துக்கும் போய்விட்டது.

அவர் எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார்.

“சாருக்குப் போன்ல சொல்லிடேன் இப்பவே.”

“போன்ல மூணு வார்த்தைல பொய் சொன்னவ நான். அவர் இந்தப் பக்கத்தப் பாக்கணும். இல்லன்னா உங்களுக்குப் பரிஞ்சு பேசறேன்னு நினைப்பார்.”

“நாளைக்கி உன் டூட்டியாச்சே.”

“அதான் யோசிக்கறேன். எட்டரை எடுத்துட்டுப் போனா பதினொன்றரைக்குத் திரும்ப முடியாது.”

கொஞ்ச நேரம் விமானம் ஒன்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பதினொன்றர நா ஏறிக்கிறேன். ஆபீசுக்கு லேட்டா வரேன்னு நானே சொல்லிக்கிறேன். நம்பர தனித்தாள்ல எழுதி வைக்கிறேன், வந்து ஒட்டிக்க.” பிறகு, “உனக்காவ இல்ல. பதிவு ஒன்னு வுட்டுப் போனா அதுக்கும் என்னத்தான் கேப்பாரு” என்றார்.

கீழே வந்ததும் அவர் தைலத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பஸ் பிடித்தேன். வகுப்புக்குப் போகவில்லை. ‘பரிந்துரை’ என்ற சொல் இனி என் பேருக்குப் பக்கத்தில் வராது. என் பேரே வருமா என்றும் தெரியாது. அதைப் பற்றிப் பயப்படக்கூட உடம்பில் சக்தி இல்லை.

அம்மா தட்டை வைத்துவிட்டு, “வகுப்புக்குப் போகலையாடி? என்னாச்சு?” என்றாள். “நாளைக்குச் சொல்றேம்மா” என்றேன். “எழுதிண்டே இருக்காதே. சாப்பிட்டுட்டுப் படு” என்றாள்.

நாளை: ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். எட்டரைப் பதிவை எடுத்து அனுப்பிவிட்டு, அறைச் சாவியை தேசப்பன் அண்ணாவிடம் கொடுக்க வேண்டும். பதிவேட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பத்து மணிக்குள் அடையாறு போய், ரகுபதி சார் பட்டியலை அனுப்பும் முன் மே 19 பக்கத்தைத் திறந்து அவர் மேஜையில் வைக்க வேண்டும். இரண்டரைக்குள் மலைக்குத் திரும்ப வேண்டும். ஐந்தரைக்குக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உதறி, பார்த்து, அதன் பிறகு எழுத வேண்டும்.